டயாலிசிஸ் மெஷினில் அரிப்பும் கிருமியும்: புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு

டயாலிசேட் என்பது ரத்தத்தைச் சுத்தம் செய்ய மெஷின் தண்ணீரில் கலந்து தயாரிக்கும் திரவம். நிமிடத்துக்கு 500 மில்லி என்ற கணக்கில் நாலு மணி நேரம் மெஷின் ஓடினால் 120 லிட்டர். வாரம் மூன்று முறை என்றால் 360 லிட்டர். நாம் குடிக்கிற தண்ணீர் வாரத்துக்கு 14, 15 லிட்டர் இருந்தால் அதிகம். அதுவும் குடல், கல்லீரல் என்று பல காவலைத் தாண்டித்தான் உடம்புக்குள் பரவுகிறது. டயாலிசிஸ் நோயாளிக்கு அந்தக் காவல் எதுவும் கிடையாது. ரத்தத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருப்பது, ரத்தத்தை வடிகட்டும் டயாலிசரின் மெல்லிய சவ்வு ஒன்றுதான். அந்தச் சவ்வு பாக்டீரியாவைத் தடுக்கும். பாக்டீரியா உடைந்து கசிகிற எண்டோடாக்சின் என்ற நச்சுத் துணுக்குகளையும், கரைந்த அலுமினியம், செம்பு போன்றவற்றையும் தடுக்காது.

புதிதாக வருபவர்களுக்குப் பெரும்பாலும் இதை இரண்டு பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். துரு, அரிப்பு, உப்புப் படிவு எல்லாம் எஞ்சினியர் பார்க்க வேண்டியவை. கிருமி, கல்ச்சர் (சாம்பிளில் உள்ள கிருமியை வளர்த்து எண்ணும் டெஸ்ட்) ரிப்போர்ட் எல்லாம் நர்சிங், தொற்றுத் தடுப்புக் குழு பார்க்க வேண்டியவை என்று. ரெஜிஸ்டர்கூட இரண்டாகத்தான் இருக்கும். என் அனுபவத்தில் இந்தப் பிரிவினைதான் முதல் தொல்லை. குழாயில் கால்சியம் படிந்தால் அதன் அடியில் பாக்டீரியா ஒளிந்துகொள்ளும், மருந்து அங்கே எட்டாது. பாக்டீரியா ஒட்டிய இடத்தில் உலோகம் புள்ளி புள்ளியாக அரிக்கும். அரித்த குழிக்குள் இன்னும் அதிகமாக ஒட்டும். கிருமிக்குப் பயந்து ஹைப்போவை (சோடியம் ஹைப்போகுளோரைட் என்கிற ப்ளீச்) அளவுக்கு மீறி ஊற்றினால் ரப்பரும் உலோகமும் சொரசொரப்பாகி, அடுத்த மாதம் கல்ச்சர் இன்னும் மோசமாக வரும். ஆகவே கீழே சொல்வதையெல்லாம் ஒரே வேலையாகவே பாருங்கள், முடிந்தால் ஒரே ரெஜிஸ்டரில் எழுதுங்கள்.

1. முதலில் தண்ணீர் போகும் வழியில் நடந்து பாருங்கள்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, தண்ணீர் கட்டடத்துக்குள் நுழையும் இடத்திலிருந்து கடைசி மெஷின் வரை நடந்து, கையால் ஒரு படம் வரையுங்கள். சுவரில் மாட்டியிருக்கிற அழகான வரைபடத்தை நம்ப வேண்டாம். அது பொருத்திய நாளில் வரைந்தது. அதற்குப் பிறகு எத்தனை வால்வு மாறியதோ, எந்த மெஷினை எடுத்துவிட்டு அதன் குழாயை மட்டும் அடைத்து வைத்தார்களோ, அது எதுவும் அதில் இருக்காது.

வரிசை பொதுவாக இப்படி இருக்கும்: மண், கசடு பிடிக்கும் ஃபில்டர், தண்ணீரின் கடினத்தன்மையை எடுக்கும் சாஃப்ட்னர், இரண்டு கார்பன் டேங்க், கரைந்த உப்பைச் சவ்வால் பிரிக்கும் ஆர்.ஓ., சில இடங்களில் சேமிப்புத் தொட்டி, பிறகு எல்லா மெஷினையும் சுற்றிவந்து திரும்பும் லூப். சாஃப்ட்னர் கார்பனுக்கு முன்னாலும் இருக்கலாம், பின்னாலும் இருக்கலாம். படத்தில் மூன்று விஷயங்களைச் சிவப்பு மையால் குறியுங்கள். ஒன்று, தண்ணீர் தேங்கும் முட்டுச் சந்துகள்: பயன்படுத்தாத கிளைக்குழாய், அடைத்துவைத்த டீ (T வடிவ இணைப்பு), நீளமான சாம்பிள் குழாய். கிளையின் நீளம் அதன் விட்டத்தைப் போல் மூன்று மடங்குக்கு மேல் போனால் அங்கே ஓட்டம் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு, உலோகம் தண்ணீரைத் தொடும் ஒவ்வொரு இடம். மூன்று, வெளிக்காற்று உள்ளே வரும் இடங்கள். சேமிப்புத் தொட்டி இருந்தால் மூடி இறுக்கமாக இருக்கிறதா, மூச்சுவிடும் துளையில் 0.2 மைக்ரான் காற்று ஃபில்டர் இருக்கிறதா, அடிப்பாகம் கூம்பாக முழுக்க வடிகிறதா என்று பாருங்கள். தட்டையான அடி உள்ள தொட்டி என்றால் தொல்லை உத்தரவாதம்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். மூலம் மாறினால் எல்லாக் கணக்கும் மாறும். 1996இல் பிரேசிலின் கருவாரு நகரில், சரியாகச் சுத்திகரிக்காத நீர்த்தேக்கத் தண்ணீர் லாரியில் ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு வந்தது. நீலப்பச்சைப் பாசி என்கிற சயனோபாக்டீரியாவின் நஞ்சு அதில் இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள். 50 பேருக்கு மேல் கல்லீரல் பாதித்து இறந்தார்கள். தண்ணீர் விநியோகிப்பவர் மூலத்தையோ மருந்தையோ மாற்றும்போது உங்கள் மையத்துக்கு முன்கூட்டியே தகவல் வர ஏற்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள்.

2. குளோரின் டெஸ்ட்: காலையில் இதற்கு முன்னால் வேறு வேலை இல்லை

ஊருக்கு வரும் குடிநீரில் கிருமி வளராமல் இருக்கக் குளோரினோ குளோரமினோ போட்டிருப்பார்கள். குளோரமின் ரத்தத்தில் கலந்தால் சிவப்பணுக்கள் உடையும். குளோரின் ஆர்.ஓ. சவ்வையே தின்றுவிடும். ஆகவே கார்பன் டேங்க் இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. இங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது: கார்பனைத் தாண்டிய பிறகு தண்ணீரில் பாதுகாப்பு மருந்து எதுவுமே இல்லை. கார்பன் மணிகளே பாக்டீரியாவுக்கு நல்ல குடியிருப்பு. அங்கிருந்து கடைசி மெஷின் வரை உள்ள தூரம் முழுவதும் கிருமிக்குத் திறந்த வெளி. ஆர்.ஓ. சவ்வு பெரும்பகுதியைத் தடுக்கும், ஆனால் ஆர்.ஓ. தண்ணீர் ஸ்டெரைல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

டெஸ்ட் செய்யும் முறை: சிஸ்டம் முழு ஓட்டத்தில் குறைந்தது 15 நிமிடம் ஓடிய பிறகு, முதல் கார்பன் டேங்குக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் உள்ள குழாயிலிருந்து சாம்பிள் எடுங்கள். ராத்திரி முழுக்கக் கார்பனுக்குள் நின்ற தண்ணீரில் குளோரின் இருக்கவே இருக்காது. அதை எடுத்து டெஸ்ட் செய்தால் எப்போதும் நல்ல எண்தான் வரும். மொத்தக் குளோரின் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். ஒவ்வொரு ஷிஃப்ட் நோயாளிகளை ஏற்றுவதற்கு முன்னும் மறுபடி பாருங்கள். ஷிஃப்ட் என்று தனியாக இல்லாத இடத்தில் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை.

அளவு தாண்டினால் இரண்டாவது டேங்குக்குப் பின்னால் எடுத்துப் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் பொறுப்பு டாக்டரிடம் சொல்லிவிட்டு, அடிக்கடி டெஸ்ட் செய்துகொண்டே தொடரலாம், முதல் டேங்கை மாற்ற ஏற்பாடு செய்யலாம். அங்கேயும் தாண்டினால் டயாலிசிஸை நிறுத்த வேண்டியதுதான். வேறு யோசனைக்கு இடமில்லை. ஸ்ட்ரிப்பின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், அதில் எழுதியிருக்கும் நேரத்தில் பாருங்கள், காலாவதித் தேதியையும் பாருங்கள். வெளிர் நிறத்தைச் சரியாகப் பிரித்தறிய முடியாதவர்கள் இந்த வேலையைச் செய்யக் கூடாது. நிறக் குறைபாட்டுப் பரிசோதனையைக் கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள்.

சாஃப்ட்னர் பற்றி நீட்ட வேண்டியதில்லை. உப்புத் தொட்டியில் உப்பு இருக்க வேண்டும், நாளின் கடைசியில் கடினத்தன்மை டெஸ்ட் செய்ய வேண்டும், அவ்வளவுதான். காலையில் செய்தால் இரவில் ரீஜெனரேஷன் (உப்புநீரால் புதுப்பித்தல்) ஆன புத்துணர்ச்சியில் நல்லபடியாகவே காட்டும்.

3. எந்த உலோகம் தண்ணீரைத் தொடுகிறது

ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை, கொஞ்சம் அமிலத் தன்மையும் உண்டு. அது எதைத் தொட்டாலும் கொஞ்சம் கரைத்து எடுத்துக்கொள்ளும். வீட்டுக்குழாயில் வருஷக்கணக்கில் நன்றாக இருக்கும் பித்தளை வால்வு இங்கே சில மாதத்தில் கரைய ஆரம்பிக்கும். ஆகவே ஆர்.ஓ.வுக்குப் பிறகு செம்பு, பித்தளை, அலுமினியம், ஈயம், துத்தநாகம் பூசிய இரும்பு எதுவும் இருக்கவே கூடாது. பி.வி.சி., பெக்ஸ், பி.வி.டி.எஃப்., பாலிப்ரொப்பிலீன் ஆகிய பிளாஸ்டிக் வகைகள், 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இருக்கலாம். 304 ஸ்டீலும் பார்வைக்கு ஒரே பளபளப்புதான், ஆனால் குளோரைடு பட்டால் ஊசி குத்தியதுபோல் அரித்துப்போகும்.

இது ஏட்டுப் பயம் இல்லை. கரீபியன் தீவான குராசோவில் குடிநீர், கடல்நீரிலிருந்து உப்பு நீக்கி எடுத்தது. 1996இல் ஒரு டயாலிசிஸ் மையத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் புதிய குழாயின் உட்பூச்சாக இருந்த சிமென்ட் காரையிலிருந்து அலுமினியம் கரைந்து வந்தது. அங்கே சிகிச்சை பெற்ற 27 பேரில் 10 பேர் அலுமினியம் மூளையைப் பாதித்து இறந்தார்கள். இன்னொரு இடத்தில், ஆசிட் கான்சன்ட்ரேட்டை (டயாலிசேட் தயாரிக்கத் தண்ணீரோடு சேர்க்கும் அமில அடர்கரைசல்) ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற அலுமினிய பம்ப் ஒன்றைப் பயன்படுத்தியதே நோயாளிகளுக்கு அலுமினிய நஞ்சேற்றத்தைக் கொண்டுவந்தது. ஆசிட் கான்சன்ட்ரேட்டின் பி.எச். 3க்கும் கீழே. அதைத் தொடும் உலோகம் எல்லாம் நோயாளியின் ரத்தத்தைத் தொடுவதாகவே எண்ணிக்கொள்ளுங்கள்.

டயாலிசிஸ் தண்ணீரில் அலுமினியம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. செம்பும் துத்தநாகமும் தலா 0.1, ஈயம் 0.005. செம்பு கூடினால் சிவப்பணு உடைந்து ரத்தசோகை, துத்தநாகம் கூடினால் குமட்டல், வாந்தி, ரத்தசோகை. காரணம் தெரியாத ரத்தசோகை ஒரே மையத்தில் நாலைந்து பேருக்கு வந்தால் மருந்தை மட்டும் பார்க்காமல் குழாயையும் பார்க்க வேண்டும்.

நடைமுறையில் ஆபத்து வருவது பெரிய வடிவமைப்பில் அல்ல, சின்னப் பழுது வேலையில். ராத்திரி ஒரு வால்வு ஒழுகுகிறது. வெளியிலிருந்து வந்த பிளம்பர் கையில் இருந்த பித்தளை வால்வைப் போட்டு, நிறுத்திவிட்டுப் போகிறார். ஒழுக்கு நின்றது, எல்லோருக்கும் நிம்மதி. அதனால் தண்ணீர் அறைக் கதவில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்: இங்கே எந்தப் பாகம் மாற்றினாலும் டெக்னீசியன் கையெழுத்து வேண்டும். பழுது முடிந்தபின் நீங்களே போய்ப் புதுப் பாகத்தைத் தொட்டுப் பாருங்கள், நிறத்தைப் பாருங்கள். முலாம் பூசிய பித்தளை ஸ்டீல் மாதிரியே இருக்கும். மரையின் உள்பக்கம் மஞ்சளாகத் தெரிந்தால் அது பித்தளை.

4. பைகார்ப் கேன்

டயாலிசேட்டுக்கு ஆசிட்டோடு சேர்க்கும் இன்னொரு கரைசல் பைகார்ப், அதாவது சோடியம் பைகார்பனேட். ஆசிட் கேனில் பாக்டீரியா வளராது, பைகார்ப் கேனில் நன்றாக வளரும். காரத்தன்மை, அறை வெப்பம், திறந்த வாய் எல்லாம் தோதாக அமைகின்றன. கலக்கிய பைகார்பை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். மிச்சத்தின் மேல் புதிதாக ஊற்றி நிரப்புவதுதான் மிகப் பெரிய தப்பு, மிகச் சாதாரணமாக நடப்பதும் அதுதான். மிச்சத்தைக் கொட்டுங்கள், கேனை ஆர்.ஓ. தண்ணீரில் அலசுங்கள், தலைகீழாகக் கவிழ்த்து உலரவிடுங்கள். வாரம் ஒருமுறையாவது கேன், உறிஞ்சு குழல், மூடி மூன்றையும் ஹைப்போவில் ஊறவைத்து நன்றாக அலசி எடுங்கள். குழலின் நுனியில் இருக்கும் சின்ன வலையைக் கழற்றித் தேய்க்க மறக்காதீர்கள். வழுவழுப்பு முதலில் அங்கேதான் கட்டும்.

கலக்கும்போது அளவுக்கு மேல் வேகமாகவோ நீண்ட நேரமோ கலக்கினால் கார்பன் டைஆக்சைடு பறந்து, பி.எச். ஏறி, மெஷினுக்குள் கால்சியம் கார்பனேட் படிவு கூடும். படிவு கூடினால் என்னவாகும் என்பது மேலே சொன்னதுதான். உலர்தூள் கார்ட்ரிட்ஜ் கிடைக்கும் இடத்தில் அதையே பயன்படுத்துங்கள், இந்தத் தலைவலியில் பாதி போய்விடும்.

5. மெஷினின் பின்மூடியைத் திறந்து

மாதம் ஒருமுறையாவது, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, எஞ்சினியர் கூடவே நின்று பின்மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். அப்போது கண்ணில் படுவதற்கு இப்படிப் பொருள் கொள்ளலாம்.

கனெக்டரின் கழுத்தில் வெள்ளைப் பொடி வளையம்: அங்கே சொட்டுச் சொட்டாகக் கசிகிறது, தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் தங்குகிறது. கண்ணுக்குச் சொட்டே தெரியாது. துடைத்துவிட்டு விட்டுவிடாதீர்கள், ஓ-ரிங் மாற்ற வேண்டும். உப்புநீர் கீழே இருக்கும் போர்டின் பின்களில் விழுந்தால் சில வாரத்தில் பச்சை பூத்து, காரணமே இல்லாமல் அலாரம் அடிக்கத் தொடங்கும்.

நீலப்பச்சைக் கறை: எங்கேயோ செம்போ பித்தளையோ கரைகிறது. பழுப்புக் கறை: இரும்பு. ஸ்டீல் பாகத்தில் பழுப்புப் புள்ளிகள் இருந்தால் விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். துடைத்தால் போய்விட்டால் வெளியிலிருந்து வந்த துரு. நகம் குழியில் இடறினால் உலோகமே அரித்திருக்கிறது, பாகத்தை மாற்ற வேண்டும்.

டயாலிசேட் குழாய் உள்ளே மங்கலாக, லேசான மஞ்சளாக இருந்தால் பயோஃபிலிம் என்று சந்தேகப்படுங்கள். பல நாள் கழுவாத குடத்தின் உட்புறம் விரலுக்கு எப்படி இருக்குமோ, அப்படித்தான் அது இருக்கும். பாக்டீரியா தன்னைச் சுற்றிப் பசை சுரந்து உள்ளே உட்கார்ந்துகொள்கிறது. பசைக்கு வெளியே மிதக்கிற பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தின் அளவு பசைக்குள் இருப்பதைத் தொடக்கூட முடியாது.

டயாலிசரில் மாட்டும் கனெக்டர்களின் ஓ-ரிங், கண்டக்டிவிட்டி புரோப் (டயாலிசேட்டின் உப்பு அளவை மின்கடத்தலால் காட்டும் உணரி), ஹீட்டர் ஆகியவை படிவு பிடிக்கும் இடங்கள். கண்டக்டிவிட்டி எண் நாளுக்கு நாள் ஒரே திசையில் மெல்ல நகர்ந்தால் அளவீட்டைத் திருப்பிச் சரிசெய்வதற்கு முன், புரோப்பில் படிவு இருக்கிறதா என்று பாருங்கள். கழிவுக் குழாய் சாக்கடைக்குள் முங்கியிருக்கவே கூடாது. வாய்க்கும் வடிகாலுக்கும் நடுவில் காற்று இடைவெளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வடிகால் கிருமி குழாய் வழியாக ஏறி மெஷினுக்குள் வரும்.

6. எந்த மருந்து எதற்கு

புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. கொல்வது வேறு, கரைப்பது வேறு.

சிட்ரிக் ஆசிட், அசிட்டிக் ஆசிட் ஆகியவை கால்சியம் படிவைக் கரைக்கும். குளிர்ந்த நிலையில் கிருமியைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஹைப்போ கிருமியைக் கொல்லும், புரதம், கொழுப்புக் கறையை எடுக்கும். படிவைத் தொடாது, அதோடு உலோகத்தையும் ரப்பரையும் அரிக்கும். பெரசெட்டிக் ஆசிட் கொல்லவும் செய்யும், ஓரளவு படிவையும் எடுக்கும். 80 டிகிரிக்கு மேல் சூடு கொல்லும், மிச்ச மருந்து என்ற கவலை இல்லை. ஆனால் ஏற்கெனவே ஒட்டிய பயோஃபிலிமைப் பெயர்க்காது, எண்டோடாக்சினையும் அழிக்காது. சூடும் சிட்ரிக்கும் சேர்ந்த சுழற்சி பல மெஷின்களில் தினசரி வேலைக்கு நன்றாகவே போதும். ஹைப்போவை இடைவெளி விட்டுப் போடலாம். எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு அடர்த்தி, எத்தனை நிமிடம் என்பது தயாரிப்பாளர் கையேட்டில் இருக்கும். அந்த எண்ணைப் பழைய ஆட்கள் சொல்லும் எண்ணால் மாற்றாதீர்கள்.

வரிசையும் முக்கியம். பைகார்ப் மிச்சம் உள்ள மெஷினில் நேராக ஹைப்போவைப் போட்டால் காரத்தில் கால்சியம் இன்னும் படியும். முதலில் ஆசிட் சுழற்சி, நடுவில் நன்றாக ரின்ஸ், பிறகு ஹைப்போ, மறுபடி ரின்ஸ். அந்த நடு ரின்ஸைத் தவறவிட்டால் ஆசிடும் ஹைப்போவும் சேர்ந்து குளோரின் வாயு கிளம்பும், மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கும் உங்களுக்கே மூச்சு முட்டும். இரண்டு கேனையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஒரே மாதிரி வெள்ளைக் கேனில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள்.

ஹைப்போவை ராத்திரி முழுக்க உள்ளே நிற்கவிட்டால் கிருமி கூடுதலாகச் சாகும் என்று நினைப்பவர்கள் உண்டு. கூடுதலாகச் சாவது மெஷினின் பாகங்கள். மருந்து உள்ளே இருந்த ஒவ்வொரு முறையும், நோயாளியை ஏற்றும் முன் அந்தந்த மருந்துக்கான ஸ்ட்ரிப்பால் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். குளோரின் ஸ்ட்ரிப் பெரசெட்டிக் ஆசிடைக் காட்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

மெஷினின் வெளிப்புறத்தைத் துடைக்கும் ஹைப்போவும் அரிக்கும். ஒன்றுக்கு நூறு என்று கலக்கித் துடைத்து, சொன்ன நேரம் ஈரமாக இருக்க விட்டு, பிறகு தண்ணீர்த் துணியால் துடைத்துவிடுங்கள். ரத்தம் சிந்திய இடத்துக்கு மட்டும் ஒன்றுக்குப் பத்து. சலைன் கம்பியும் சக்கரமும் துருப்பிடித்த மெஷினைப் பார்த்தால் கடைசித் துடைப்பு நடக்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

டயாலிசரை மறுபடி பயன்படுத்தும் மையமாக இருந்தால் இன்னொன்று. 1982இல் அமெரிக்காவின் லூசியானாவில் ஒரு மையத்தில் 27 பேருக்குக் காசநோய் வகை அல்லாத மைக்கோபாக்டீரியா தொற்று வந்தது. மறுபயன்பாட்டு டயாலிசர்களில் ஊற்றிய ஃபார்மலின் அந்தக் கிருமிக்குப் போதவில்லை. சாதாரணப் பாக்டீரியா சாகும் அளவில் சாகாத கிருமிகள் தண்ணீரில் இருக்கின்றன. “மருந்து போட்டாச்சு” என்பதும் “சரியான அடர்த்தியில், சரியான நேரம் போட்டாச்சு” என்பதும் வெவ்வேறு.

7. சாம்பிள் எடுப்பது

கெட்ட சாம்பிளைவிட எடுக்காத சாம்பிள் மேல். கெட்ட சாம்பிள் பொய்யான தைரியம் தரும்.

எப்போது எடுப்பது? டிஸ்இன்ஃபெக்ஷனுக்கு முன்னால், அதாவது நிலைமை மிக மோசமாக இருக்கக்கூடிய நேரத்தில். முதல் நாள் மருந்து போட்டுவிட்டு மறுநாள் எடுத்தால் அந்த மாதத்து ரிப்போர்ட் வெறும் அலங்காரம். எங்கே எடுப்பது? ஆர்.ஓ.வின் வெளிவாயில், தொட்டி இருந்தால் அதன் வெளிவாயில், லூப்பின் முதல் முனை, கடைசி முனை, பைகார்ப் கலக்கும் இடம், டயாலிசர் கழுவும் இடம். தண்ணீர் மாதம் ஒருமுறை. மெஷின்களில் மாதம் இரண்டுக்குக் குறையாமல், வருஷத்துக்குள் எல்லா மெஷினும் ஒருமுறையாவது வரும்படி சுழற்சி போடுங்கள்.

குழாயிலிருந்து எடுக்கும்போது கையைக் கழுவிக் கையுறை போட்டு, குழாயை முழுதாகத் திறந்து ஒரு நிமிடமாவது ஓடவிடுங்கள். குழாய் வாயில் ஹைப்போ தடவாதீர்கள்; ஒரு துளி மிச்சம் இருந்தாலும் பாட்டிலுக்குள் போய்க் கிருமியைக் கொன்று நல்ல ரிப்போர்ட் வாங்கித் தந்துவிடும். பாட்டில் மூடியைத் தரையில் வைக்காமல் கையிலேயே வாய் கீழ்நோக்கிப் பிடியுங்கள். ஓட்டத்தைக் குறைக்காமல், பாட்டில் வாய் குழாயைத் தொடாமல் நடுத்தாரையைப் பிடியுங்கள். மெஷினின் சாம்பிள் போர்ட் என்றால் 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து, அது முழுக்க உலரும்வரை காத்திருங்கள். ஸ்டெரைல் சிரிஞ்சால் கொஞ்சம் இழுத்துக் கொட்டிவிட்டு, புதுச் சிரிஞ்சால் எடுத்ததை அனுப்புங்கள். எண்டோடாக்சினுக்கு வேறு பாட்டில், எண்டோடாக்சின் இல்லை என்று சான்று உள்ளது. நாலு மணி நேரத்துக்குள் லேபில் வைக்க முடியாவிட்டால் குளிரில் வையுங்கள், உறையவிடாதீர்கள், 24 மணி நேரத்தைத் தாண்டவிடாதீர்கள்.

லேபுக்குப் போன் போட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த மீடியத்தில் (கிருமி வளர்க்கும் ஊட்டக் கலவை), எந்த வெப்பத்தில், எத்தனை நாள் வைக்கிறீர்கள்? தண்ணீர்ப் பாக்டீரியா பட்டினியில் வளர்ந்தது. சத்து நிறைந்த பிளட் அகாரில் 37 டிகிரியில் ஒரு நாள் வைத்தால் பல வளரவே வளராது, “வளர்ச்சி இல்லை” என்று ரிப்போர்ட் வரும். ஆர்2ஏ போன்ற சத்துக் குறைந்த மீடியத்தில் 17 முதல் 23 டிகிரியில் ஏழு நாள் வைப்பதுதான் டயாலிசிஸ் தண்ணீருக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 23500 தொகுப்பு சொல்லும் முக்கிய முறை. மாதா மாதம் எல்லா இடத்திலும் சுத்தமான பூஜ்யம் வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

8. ரிப்போர்ட்டைப் படிப்பது

டயாலிசிஸ் தண்ணீரில் பாக்டீரியா மில்லிக்கு 100 சி.எஃப்.யூ.வுக்குக் (கல்ச்சரில் வளரும் கிருமிக் கூட்டங்களின் எண்ணிக்கை) கீழ், எண்டோடாக்சின் மில்லிக்கு 0.25 ஈ.யூ.வுக்குக் (எண்டோடாக்சின் அலகு) கீழ். சாதாரண டயாலிசேட்டில் 100, 0.5. அல்ட்ராப்யூர் (மிகத் தூய) டயாலிசேட் என்றால் 0.1 சி.எஃப்.யூ., 0.03 ஈ.யூ. வரம்பில் பாதியை எட்டினாலே, அதாவது தண்ணீரில் 50 வந்தாலே வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

கல்ச்சர் ரிப்போர்ட் வர ஒரு வாரம் ஆகும் என்பதை யோசித்துப் பாருங்கள். அந்த ஒரு வாரமும் நோயாளிகள் அதே தண்ணீரில்தான் இருந்தார்கள். அதனால் தனி எண்ணைவிடப் போக்கு முக்கியம். ஒரே முனையில் 3, 9, 20, 38 என்று வந்தால் நாலும் “பாஸ்”தான். ஆனால் அந்தக் குழாயில் பயோஃபிலிம் வளர்கிறது. ஒவ்வொரு முனைக்கும் தனி வரைபடம் போட்டுச் சுவரில் மாட்டுங்கள். ஆர்.ஓ. வெளிவாயில் குறைவு, லூப் கடைசியில் அதிகம் என்றால் பிரச்சினை லூப்பில். இரண்டிலும் அதிகம் என்றால் ஆர்.ஓ. சவ்வையும் அதற்கு முன்னால் உள்ள கார்பனையும் பாருங்கள். தண்ணீர் சுத்தம், ஒரே ஒரு மெஷினில் மட்டும் அதிகம் என்றால் அந்த மெஷினின் இணைப்புக் குழாய், எண்டோடாக்சின் ஃபில்டர், பைகார்ப் பாதை. பாக்டீரியா குறைவு, எண்டோடாக்சின் மட்டும் அதிகம் என்றால் எங்கேயோ செத்த கிருமியின் குவியல் இருக்கிறது, அல்லது லேப் சரியாக வளர்க்கவில்லை.

எண் கூடியதும் மருந்தின் அடர்த்தியைக் கூட்டத்தான் எல்லோருக்கும் கை வரும். அதற்கு முன் உங்கள் சிவப்பு மைப் படத்தை எடுத்து முட்டுச் சந்தை வெட்டி எறியுங்கள், அரித்த பாகத்தை மாற்றுங்கள், படிவை எடுங்கள். ஒளிந்துகொள்ளும் இடத்தை விட்டுவைத்து மருந்தைக் கூட்டுவது அரிப்பைத்தான் கூட்டும்.

9. லூப் டிஸ்இன்ஃபெக்ஷன்

குறைந்தது மாதம் ஒருமுறை, ரிப்போர்ட் நன்றாக இருந்தாலும். பி.வி.சி. குழாய்க்குச் சூடு ஆகாது, ரசாயனம்தான். பெக்ஸ், ஸ்டீல் லூப்புக்குச் சூடு போடலாம், அடிக்கடியும் போடலாம். மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் சின்ன இணைப்புக் குழாயை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்: லூப் சுழற்சியிலும் அது சேராது, மெஷின் சுழற்சியிலும் சேராது. இரண்டுக்கும் நடுவில் அநாதையாகக் கிடக்கும் அந்த ஒரு மீட்டர் குழாயில்தான் நான் பார்த்த மோசமான வழுவழுப்பெல்லாம் இருந்தது. அதை லூப்போடு சேர்த்து நனைக்க வழி செய்யுங்கள், இல்லாவிட்டால் கால அட்டவணை போட்டு மாற்றிவிடுங்கள்.

மருந்து உள்ளே இருக்கும்போது ஒரு மெஷினிலும் நோயாளி இருக்கக் கூடாது. ஒவ்வொரு மெஷினிலும் பலகை மாட்டுங்கள். ரின்ஸ் முடிந்ததும் ஒரே இடத்தில் பார்த்துவிட்டு நிறுத்தாமல், எல்லா முனையிலும் மிச்சம் பார்த்து, இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட பிறகே பலகையை எடுங்கள். விடுமுறை நாளிலும் லூப் சுழன்றுகொண்டே இருக்கட்டும். நின்ற தண்ணீரில் ஒரு நாள் போதும்.

10. நோயாளிக்குக் குளிர் நடுங்கினால்

டயாலிசிஸ் தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள், வரும்போது காய்ச்சல் இல்லாதவருக்குக் குளிர், நடுக்கம், காய்ச்சல், ரத்த அழுத்தக் குறைவு வந்தால் எண்டோடாக்சின் என்று சந்தேகப்பட வேண்டும். கதீட்டர் தொற்றாகவும் இருக்கலாம். அதை முடிவு செய்வது டாக்டர். நர்சையும் டாக்டரையும் கூப்பிட்டு, ரத்தக் கல்ச்சர் எடுக்க உதவுவது முதல் வேலை. இரண்டாவது, அந்த மெஷினின் டயாலிசேட்டிலிருந்தும் அதற்குத் தண்ணீர் வரும் முனையிலிருந்தும் கல்ச்சருக்கும் எண்டோடாக்சினுக்கும் உடனே சாம்பிள். டயாலிசரை, அதன் லாட் எண்ணோடு, தனியாக எடுத்து வையுங்கள். பைகார்ப் கேனைக் கொட்டாதீர்கள். ஒரே ஷிஃப்டில் இரண்டாவது ஆளுக்கும் நடுக்கம் வந்தால் அது தனி மெஷின் பிரச்சினை இல்லை. தண்ணீரைச் சந்தேகித்து எல்லோருக்கும் நிறுத்துவது பற்றி டாக்டரிடம் அப்போதே பேச வேண்டும்.

பரபரப்பில் யாராவது ஒருவர் நல்லெண்ணத்தோடு அந்த மெஷினை டிஸ்இன்ஃபெக்ஷன் சுழற்சியில் போட்டுவிடுவார். போட்டுவிட்டால் காரணம் கடைசிவரை தெரியாது. ஆகவே சாம்பிள் பாட்டில்கள் இரண்டு செட், சிரிஞ்ச், ஆல்கஹால் துணி, எழுதும் பேனா எல்லாம் வைத்த ஒரு பெட்டியை ஷிஃப்ட் மேசைக்கு அடியில் நிரந்தரமாக வையுங்கள். மெஷினில் “தொடாதே” பலகை மாட்டுங்கள். சாம்பிள் லேபுக்குப் போன பிறகு, அந்த மெஷினின் பின்மூடியைத் திறந்து பாருங்கள்.